தேரை அண்ணாச்சி சொன்ன ஒரே பொய்

மிளகாய் மூடைகளை விருதுநகரில் இறக்கிவிட்டுப் பகல் மூன்று மணி பஸ்ஸில் ஊர் திரும்பிய என் வீட்டுக்காரர், செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "ஏ பாக்கியம், நம்ம தேரை அண்ணாச்சி போயிட்டாராம். முந்தாநேத்துக் காலையில. நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குள்ளயே இருந்தும் ஒண்ணும் செய்ய முடியலையாம்."

நான் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகு கையிலேயே நின்றுவிட்டது. அவர் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, தனக்குத் தெரிந்த விதத்தில் அனுதாபமாக இன்னொன்றும் சொன்னார். "நல்ல மனுசன்தான். அவரு தேரை மட்டும் அன்னைக்கு ஒழுங்கா இருந்திருந்தா நீ அம்புட்டுப் பாடு பட்டிருக்க வேண்டாம். சரி, செத்தவரைச் சொல்லி என்ன ஆகப்போகுது."

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த என் ஓரகத்தி குருவம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். இந்த ஏழு வருடத்தில் அண்ணாச்சியின் பேச்சு வீட்டில் வரும்போதெல்லாம் நாங்கள் இருவரும் இப்படித்தான் பார்த்துக்கொள்வோம், பிறகு அவரவர் வேலையைப் பார்ப்போம். அன்று என்னால் வேலையைப் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள் என்று மறுவாரம் கடிதம் வந்தது. அவரிடம் வந்துபோனவர்கள் யாராவது இரண்டு பக்கம் எழுதித் தரலாம் என்று கேட்டிருந்தார்கள். சங்கரலிங்கம் என்பது அவருடைய பெயர் என்பதே அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். விருதுநகருக்கு அவர் தேரை அண்ணாச்சி. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் அவருடைய தேரை ஒருமுறை தப்பிப்போன கதையையும் கேட்டிருப்பீர்கள். டீக்கடையில் அவர் காது படவே அதைச் சொல்லிச் சிரித்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். அந்தக் கதையில் வருகிற பெண் நான்தான். அதனால் இரண்டு பக்கம் போதாது, மன்னிக்க வேண்டும்.

நான் எழுதப்போவது பெண்களின் பிறப்புறுப்பில் வந்த ஒரு புற்றைப் பற்றியது. படிக்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு அடுத்தவர் கட்டுரைக்குப் போய்விடுங்கள். ஆனால் 'அந்த இடம்', 'அந்த இடம்' என்று சொல்லிச் சொல்லியே எங்களில் எத்தனையோ பேர் டாக்டரிடம் காட்டாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்லிப் பேச ஒரு ஆம்பளை எனக்குச் சொல்லிக்கொடுத்தார் என்றால் அது அண்ணாச்சிதான்.

நான் விருதுநகரில் பிறந்து பள்ளிக்கூடம் முடித்தவள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சம்சாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். கரிசக்காடு, பருத்தி, மிளகாய், கம்பு. கல்யாணமான மறுவருடம் உண்டானேன். மூன்றாம் மாதமே ஐந்து மாத வயிறு. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. ரெட்டைப் பிள்ளை என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நாலாம் மாதம் உதிரம் கண்டது. விருதுநகருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே வந்தது பிள்ளை இல்லை. கொத்துக் கொத்தாக, வேகவைத்த ஜவ்வரிசி போலக் குமிழ்கள். எங்கள் பக்கம் அதை முத்துப்பிள்ளை என்பார்கள். பெயர் என்னவோ அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டு, என்னையும் என் வீட்டுக்காரரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னார். பிள்ளை வளர வேண்டிய இடத்தில் நஞ்சுக்கொடியின் திசு மட்டும் வெறிபிடித்து வளர்ந்ததுதான் இது. ஒரு துளி மிச்சமிருந்தாலும் அது புற்றாக மாறக்கூடும். அப்படி மிச்சமிருக்கிறதா என்று மூத்திரம் சொல்லிவிடும். ஆகவே மாதம் ஒருமுறை, விடியற்காலையில் போகிற முதல் மூத்திரத்தைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஒரு வருடத்துக்குச் சுத்தம் என்று வரும்வரை மறுபடி உண்டாகக் கூடாது. "யாரிடம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டேன். பின்கட்டைக் காட்டினார்.

பின்கட்டில் தகரக்கூரை போட்ட ஒரு அறை. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மேசை, சுவரோரம் ஈரச்சாக்கு போட்டு மூடிய நாலு மண்தொட்டிகள். நாற்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர், வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. தொட்டிக்குள் குனிந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "நீ நேத்துத்தான் வேலை பார்த்த. இன்னைக்குப் படு. ஏலே, நீ வா." அவர் கையில் ஏறி உட்கார்ந்தது ஒரு தடித்த தேரை. நான் வந்த வழியே போய்விடப் பார்த்தேன்.

"பயப்படாதீக தாயி. இவுக எல்லாம் ஆம்பளைக. உங்களவிடக் கூச்சப்படுவாக."

மூத்திரத்தைக் கொஞ்சம் ஊசியில் எடுத்து ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கு அடியில் ஏற்றுவார். மூன்று மணி நேரம் கழித்து அந்தத் தேரையின் நீரை உறிஞ்சி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அந்தப் பெண் உண்டாகியிருந்தாலோ, முத்துப்பிள்ளையின் மிச்சம் உள்ளே இருந்தாலோ, தேரையின் நீரில் விந்தணுக்கள் ஓடும். இல்லாவிட்டால் வெறும் நீர். ஓடினால் 'தேரை பேசிருச்சு' என்பார். இல்லாவிட்டால் 'தேரை சும்மா இருக்கு'. அவ்வளவுதான் அவருடைய அறிக்கை.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்தால் தேரை விழுந்துவிட்டது என்பார்கள். உண்டான பெண் தேரை இருக்கும் பக்கமே போகக் கூடாது. என் மாமியார் அந்த அறை வாசலில் நின்று சத்தம் போட்டார். "எம் மருமக நீரைத் தேரை மேல ஊத்துனா அவ வயித்துல தேரை விழுந்துராதா? பெறவு எந்தப் பிள்ளை தங்கும்?"

அண்ணாச்சி கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "இருக்கலாம்மா. அதான் நான் இவுகளைத் தொட்டிய விட்டு வெளிய விடுறதில்ல. நீங்க அங்கன நிழல்ல உக்காருங்க. உங்க மருமக மேல ஒரு தேரையும் படாம அனுப்பி வைக்கிறது என் பொறுப்பு." மாமியாரின் வாயை ஒரே பேச்சில் அடைத்த மனிதரை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

பாட்டிலைக் கொண்டுபோவது ஒரு தனிப்பாடு. பஸ்ஸில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, தீபாவளிக்கு வந்த கம்பிமத்தாப்பு அட்டைப்பெட்டிக்குள் வைத்துச் சணல் கட்டி எடுத்துப்போனேன். சாத்தூரில் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். வெடிச்சாமான் பஸ்ஸில் ஏற்றக் கூடாதாம். சொல்லும்போது அவர் வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது. பிரித்துக் காட்டு என்கிறார், நான் மாட்டேன் என்கிறேன். பின்னால் இருந்த ஒரு பெரியவர் "ஏம்மா, அணுகுண்டா வச்சிருக்க?" என்றார். கடைசியில் "பிரிச்சா வெடிச்சிரும்" என்று நானே சொல்லிவிட்டேன். கண்டக்டர் பீடியைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு என்னையும் இறக்கிவிட்டார். அடுத்த பஸ் பிடித்து வந்து இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து ஒரு மஞ்சப்பை கொடுத்தார். மஞ்சப்பைக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் ஊரில் எவரும் கேட்பதில்லை.

அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. ஒரு நாள் நான் காத்திருந்தபோது, காரில் வந்த ஒரு முதலாளி வீட்டு மேனேஜர் அவரிடம் மல்லுக்கு நின்றார். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது. வந்த முடிவு அந்த வீட்டுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. மேனேஜர் கெஞ்சினார், பிறகு மிரட்டினார். அண்ணாச்சி மைக்ராஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் பொய் சொல்லலாம்ங்க, மனுசன்தானே. தேரைக்கு அது தெரியாது. அதுக்குத் தெரியாததை நான் எப்படி எழுதுறது?" மேனேஜர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "என் தேரை தப்பாப் பேசுச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல தாயி" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை இப்போதும் மறக்க முடியவில்லை. மறக்க முடியாததற்குக் காரணம் இனிமேல் வருகிறது.

ஐந்து மாதம் தேரை சும்மா இருந்தது. ஆறாவது மாதம், மாசியில், எனக்கு லேசாக உதிரம் படத் தொடங்கியது. நாள் கணக்கில்லாமல், துணியில் ஒரு கறை, இரண்டு நாள் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு கறை. யாரிடமும் சொல்லவில்லை. அதே சமயம் காரியாபட்டியிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி, தன் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக என் மாமியாரிடம் இரண்டு நாள் தங்கிப் பேசினாள். பேசும்போது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஒரு வருசம் பாப்போம். சுத்தமாயிட்டா சரி, இல்லைன்னா எம் மகனுக்கும் ஒரு வழி பண்ணணும்லா" என்று மாமியார் சொன்னது அடுக்களையில் இருந்த என் காதில் விழுந்தது.

எனக்கு நோய் பயம் போய், தேரை பயம் வந்துவிட்டது. தேரை பேசிவிட்டால் என் வாழ்க்கை முடிந்தது என்றுதான் நினைத்தேன். உயிர் போகுமே என்று நினைக்கவே இல்லை. இருபத்தோரு வயதில் புத்தி அவ்வளவுதான் இருந்தது.

குருவம்மாவின் காலைப் பிடித்தேன். அவளுக்குக் கைப்பிள்ளை, மூன்றாவது, எட்டு மாதம், பால் குடிக்கிறது. தலைக்குக் குளிப்பது, அதாவது மாதவிலக்கு, இன்னும் தொடங்கவில்லை. பால் கொடுக்கிறவள் உண்டாக மாட்டாள் என்பது எங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம், அதாவது எல்லாரும் தெரியும் என்று நம்புகிற விஷயம். அவளுடைய மூத்திரத்தைவிடச் சுத்தமானது இந்த வீட்டில் வேறு எது? "பாவமா இருக்கு பாக்கியம், வேண்டாம்" என்றாள். பிறகு காரியாபட்டிக்காரி மறுபடி வந்தாள். குருவம்மா பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மாசியில் தேரை சும்மா இருந்தது. பங்குனியிலும் சும்மா இருந்தது. என் மாமியார் எனக்குத் தன் கையாலேயே தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். நான் கறைத்துணியைக் கொல்லையில் புதைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் பேசிவிட்டது.

அண்ணாச்சி என்னை உள்ளே கூப்பிட்டபோதே அவர் முகம் சரியில்லை. "தாயி, இன்னைக்குத் தேரை பேசிருச்சு. டாக்டரம்மாவைப் பாத்துட்டுத்தான் போகணும்." எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டேன். அப்படியென்றால் குருவம்மா உண்டாகியிருக்கிறாள், மூன்று பிள்ளைக்குத் தாய், தனக்கே தெரியாமல். அடுத்த நிமிடம் அழுகை வந்தது. மாமியார் வெளியே வேப்பமர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "அது என் நீர் இல்ல அண்ணாச்சி" என்றேன்.

அவர் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடிக்கும்வரை நின்றார். "எத்தனை மாசம்?" என்று கேட்டார். மூன்று என்றேன். நீர் என் ஓரகத்தியுடையது என்பதையும், உதிரம் படுவதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க ஓரகத்திக்கு நல்ல சேதி. நம்ம சேதி என்னன்னு இனிமேத்தான் பாக்கணும். டாக்டரம்மாகிட்டச் சொல்லாம இருக்க முடியாது தாயி. அதுக்கு அங்கிட்டு ஒரு ஆளுக்கும் போகாது." ஒரு புதுப் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். "இப்ப நீங்களே போய்ப் பிடிச்சிட்டு வாங்க."

என் நீரை மூன்று தேரைகளுக்கு ஏற்றினார். ஒன்றுக்கு அப்படியே, ஒன்றுக்குப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஒன்றுக்கு நூறு மடங்கு. மூன்று மணி நேரம் அந்தத் தகரக்கூரையின் கீழே சித்திரை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று தேரைகளும் பேசின. நூறு மடங்கு தண்ணீரையும் தாண்டிப் பேசுகிற அளவுக்கு என் உடம்பில் அது இருந்தது.

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்துப் பார்த்தார். என் யோனியின் உட்சுவரில், முன்பக்கம், கருநீலமாக நாவல்பழம் போல ஒரு கட்டி. சின்னதுதான். உதிரம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. புடைத்த ரத்தநாளமாக இருக்கலாம், அங்கேயே பிறந்த கட்டியாகவும் இருக்கலாம், நாளைக் காலையில் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம் என்று நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திரைக்கு வெளியே ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

"டாக்டரம்மா, மன்னிக்கணும். நீல நிறமா?"

ஒரு ஆண், அதுவும் டாக்டர் இல்லாத ஆள், பெண்கள் வார்டின் திரைக்கு வெளியே நின்று இப்படிக் கேட்பது அந்த ஆஸ்பத்திரியில் நடக்காத காரியம். டாக்டரம்மா கோபமாகத்தான் வெளியே போனார். அவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணாச்சி இங்கே வருவதற்கு முன் மதுரையில் வேலை பார்த்தவர். அங்கே முத்துப்பிள்ளை வந்துபோன ஒரு பெண்ணுக்கு இதே இடத்தில் இதே நிறத்தில் ஒரு கட்டி இருந்ததாம். கத்தி பட்டதும் கட்டி முழுக்க ரத்தமாகவே இருந்திருக்கிறது. நிறுத்த முடியவில்லை. "ரத்தப் பாட்டிலைத் தூக்கிட்டு ஓடுனவன் நான்தான். நாலாவது பாட்டிலக் கொண்டுபோறப்ப வேண்டாம்னுட்டாக. அது அங்கன பொறந்த கட்டி இல்லம்மா. கர்ப்பப்பையில இருந்து ரத்தத்தோட வந்து அங்கன உக்காந்தது. தேரை நூறு மடங்குல பேசுதே, அது போதாதா? கத்தி வேண்டாம்."

டாக்டரம்மாவுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். பின்கட்டு ஆள் சொல்லி நான் கேட்பதா என்று அவர் நினைக்கவில்லை. மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டுத் தன் பழைய பேராசிரியையிடம் அரை மணி நேரம் பேசினார். திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். "பாக்கியம், வேறு இடத்துப் புற்று இந்த இடத்துக்கு வந்து சேர்வது அபூர்வம். நானே பார்த்ததில்லை. சங்கரலிங்கம் சொன்னதுதான் சரி. இதை வெட்ட மாட்டோம். இப்போது இதற்கென்று புதிதாக ஒரு மாத்திரை கண்டுபிடித்திருக்கிறார்கள், அதற்குக் கரையும்." கரையும் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்று தூங்கினேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வந்தார். வராந்தாவில் என் மாமியார், அவர், அண்ணாச்சி. என் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது.

"ரெண்டு மாசமாச் சுத்தமா இருக்குன்னு சொன்னீகளே! இப்ப மூணு மாசமா நோய் உள்ள இருந்திருக்குன்னா அப்ப என்னத்தப் பாத்தீக?" என்று மாமியார் கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"தப்பு என் மேலதாம்மா" என்றார் அண்ணாச்சி. "வெயில் காலத்துல தேரை சோந்துபோகும். நான் கவனிச்சிருக்கணும். ரெண்டு மாசமும் என் தேரை தப்பிருச்சு."

என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. மனித உயிரைத் தேரையிடம் கொடுத்து விளையாடுகிறீர்களா என்றார். இன்னும் எழுதக் கூடாததெல்லாம் சொன்னார். அண்ணாச்சி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐந்து எட்டு வைத்தால் வராந்தா. நான் போகவில்லை. அவமானம் அவருக்கு, மிச்சமான வாழ்க்கை எனக்கு என்று படுத்திருந்தேன்.

மாத்திரை மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தது. சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரை. ஐந்து நாள் சாப்பிட வேண்டும், பிறகு இடைவெளி, மறுபடி ஐந்து நாள். வாயெல்லாம் புண். முடி கொத்தாக வந்தது. அந்த மருந்து புற்றோடு நிற்காமல் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களையும் கொல்லும் என்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் விரல் நுனியில் குத்தி எண்ண வேண்டும். எண்ணியது அண்ணாச்சிதான். "இன்னைக்கு எந்த விரலு கோவிச்சுக்கல?" என்று கேட்டுக்கொண்டே குத்துவார். ஒரு நாள் பத்து விரலும் புண்ணாக இருக்க, "போதும் அண்ணாச்சி, போய்ச் சேந்துருதேன்" என்றேன். அவருக்கு அன்றுதான் கோபம் வந்து பார்த்தேன். "நல்லா இருக்கே கதை. நான் அங்கன வராந்தாவுல வாங்குன பேச்செல்லாம் வீணாப் போகவா? விரலக் காட்டுங்க தாயி."

அன்றுதான் கேட்டேன். "தேரை தப்பாப் பேசுச்சுன்னு ஏன் சொன்னீக? உங்க தேரையப் பத்தி நீங்களே அப்படிச் சொல்லலாமா?"

ஊசியை ஆவியில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "தேரைக்கு மாமியா கிடையாது தாயி. உங்களுக்கு இருக்காக."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதுகூடக் கண் மறைக்கிறது.

மூன்றாவது சுற்று மாத்திரையில் கட்டி பாதியாகச் சுருங்கியது. ஐந்தாவது சுற்றில் டாக்டரம்மா எவ்வளவு தேடியும் தட்டுப்படவில்லை. நூறு மடங்கில் முதலில் தேரை ஓய்ந்தது, பிறகு பத்து மடங்கில், கடைசியில் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் என் நீரை அப்படியே ஏற்றியும் தேரை சும்மா இருந்தது. அவர் ஒன்றுக்கு நாலு தேரையாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். "ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்றார். சட்டை முழுக்க வேர்த்திருந்தது.

நெஞ்சுப் படம் எடுத்ததில் அங்கும் ஒன்றும் இல்லை. நான் பிழைத்தேன்.

அவர் தேரையின் பெயர்தான் கெட்டது. என் வீட்டுக்காரர் மிளகாய் மண்டியில் சொன்னார், மண்டியில் கேட்டவர்கள் எண்ணெய் மில்லில் சொன்னார்கள். வசதியுள்ளவர்கள் பாட்டிலை மதுரைக்குக் கொடுத்துவிடத் தொடங்கினார்கள். "அண்ணாச்சி, இன்னைக்குத் தேரைக்குக் காய்ச்சலா?" என்று டீக்கடையில் கேட்பார்களாம். "ஆமா, வெயில் சாஸ்தி" என்று அவரும் சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பாராம். அந்த ஊரில் அவருக்கு இருந்த ஒரே கர்வத்தை எடுத்து என் பாவத்தின் மேல் போர்த்திவிட்டார், அதற்குப் பிறகு அது இருந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குருவம்மாவுக்கு மார்கழியில் ஆண்பிள்ளை பிறந்தது. சங்கரன் என்றுதான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சங்கரன்கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். எங்களுக்குத் தெரியும். அவன் பள்ளிக்கூடம் போகிறான். அவன் அந்த நேரம் பார்த்து வந்து அவள் வயிற்றில் உட்காரவில்லை என்றால், சித்திரையிலும் தேரை சும்மா இருந்திருக்கும், ஆடி மாதம் என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

மூன்று வருடம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. பாட்டிலோடு போனேன். மாலையில் அண்ணாச்சி வெளியே வந்து, "தேரை பேசிருச்சு தாயி" என்றதும், "மறுபடியுமா?" என்றேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "பயப்படாதீக. நூறு மடங்குக்குப் பேச மாட்டேங்குது. டாக்டரம்மா உள்ள பாத்து ஒண்ணும் இல்லைன்னுட்டாக. இது நல்ல பேச்சு." என் மகளுக்கு இப்போது மூன்று வயது. இந்தக் காகிதத்தின் ஓரத்தில் உள்ள மைக்கறை அவள் செய்தது.

இதை எழுத உட்கார்வதற்கு முன் குருவம்மாவிடம் கேட்டேன். அவளும் இதில் இருக்கிறாளே. "எழுது. எம் பேரையும் போடு. அவரு ஒத்தையில சுமந்தது போதும்" என்றாள். பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஏழு வருடத்துப் பொய்யைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "நான் அவரை எம்புட்டுப் பேருகிட்ட என்னெல்லாம் சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். என்மேல் கோபம் இருக்கிறது, இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. அது நியாயம்தான். நேற்று மண்டிக்குப் போனவர், முதலில் டீக்கடைக்குப் போய்விட்டுத்தான் மண்டிக்குப் போனாராம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பாட்டில். சித்திரையில் அன்று என் கையில் கொடுத்த அந்தப் புதுப் பாட்டில்தான். கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, வெள்ளைப் பெயின்டால் அதன்மேல் 'பாக்கியம்' என்று தன் கையால் எழுதி, "இனிமே இதுல உங்க நீர் மட்டும்" என்று கொடுத்தார். அதைத் தவிர எனக்கு அவர் சொன்ன கண்டிப்பு எதுவும் கிடையாது. அலமாரியில் என் மகளின் சீப்புக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

மலர் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். என் மாமியாருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர் எதிரில் உட்கார்ந்து, இதை முதல் வரியிலிருந்து நானே வாசித்துக் காட்டப்போகிறேன். அவர் என்ன சொல்வாரோ சொல்லட்டும். ஐந்து எட்டில் இருந்த வராந்தாவுக்குப் போய்ச்சேர எனக்கு ஏழு வருடம் ஆகிவிட்டது, அண்ணாச்சி. உங்கள் தேரை ஒரு நாளும் தப்பாகப் பேசவில்லை.